கோபிக்கு எட்டாத கம்பம்

அந்த ஆடி மாதம் முழுக்க மொட்டைமாடிக்கு ஏறுவதும் இறங்குவதுமே என் பிழைப்பாக இருந்தது. மேலே நின்று பார்த்தால் ஒன்று சரி என்று படும். கீழே வந்து தோசைக்கல்லைப் போட்டால் அது தப்பு என்று படும். கல்லை அப்படியே விட்டுவிட்டு மறுபடி ஏறுவேன். வீட்டில் கருகல் வாசம் வராத நாள் குறைவு.

“ஏம்புள்ள, மேல என்ன புதையலா கெடக்குது?” என்று கேட்பார் என் வீட்டுக்காரர்.

“ஆன்டெனா எங்க நிக்கும்னு பாக்கறேனுங்க.”

“ஒரு கம்பி நிக்கறதுக்கு இத்தனை நடை நடக்கோணுமா?”

நடக்கத்தான் வேண்டும். அந்தக் கம்பி தப்பாகிப் போனால் என் அண்ணன் பேசுவது எனக்குக் கேட்காது. அதை இவரிடம் சொன்னால், “மச்சானைப் பாக்கோணும்னா கோபிக்குப் பஸ் ஏறிப் போயிட்டு வா” என்பார். உலகத்தில் பாதிப் பிரச்சினை பஸ்ஸில் தீர்ந்துவிடும் என்பது அவர் கொள்கை. மீதியைச் சோலார் தீர்த்துவிடுமாம்.

நானும் என் அண்ணனும் ஹாம் ரேடியோக்காரர்கள். அரசாங்கத்தில் பரீட்சை எழுதி உரிமம் வாங்கி, வீட்டிலிருந்தே வானலையில் அடுத்தவரோடு பேசுகிற கூட்டம் ஒன்று உண்டு. அந்தக் கூட்டத்தில் நாங்கள் இரண்டு பேர். அவர் கோபிசெட்டிபாளையத்துக்குப் பக்கத்தில் வாழை வைத்துக்கொண்டு, நான் கோயமுத்தூரில் மோட்டார் பம்பு கம்பெனியின் சோதனைப் பிரிவில் இருந்துகொண்டு, இந்தப் பைத்தியத்தில் விழுந்தோம். முதலில் விழுந்தது அவர்தான். அவர் உரிமம் வாங்கிவிட்டார் என்று கேட்டதும் எனக்குச் சோறு இறங்கவில்லை. அவருக்கு வருவது எனக்கு வராதா? அடுத்த பரீட்சைக்கு நானும் போய் உட்கார்ந்துவிட்டேன்.

அண்ணனும் நானும் மைக்கில் பேசியது குறைவு. வாயால் பேசினால் சண்டை வந்துவிடும். மோர்ஸில் தட்டுவோம். புள்ளியும் கோடுமாகச் சத்தத்தில் எழுதுவதுதான் மோர்ஸ். ஆங்கில எழுத்துகளைக் கூட்டித் தமிழ் பேசிக்கொள்வோம். தினமும் விடிந்ததும் கொஞ்ச நேரம். வாழைக்குத் தண்ணீர் விட்டாயிற்றா, மழை உண்டா, மகன் ஒழுங்காக இருக்கிறானா, இவ்வளவுதான். ஆனால் தட்டுகிற கைக்கும் ஒரு குரல் உண்டு. அண்ணனின் கோடு கடைசியில் கொஞ்சம் இழுபடும், கதவை முழுதாகச் சாத்தாமல் விட்டுப் போகிறவர் போல. ஆயிரம் பேர் தட்டினாலும் அது அவர் கை என்று எனக்குத் தெரியும்.

அவர் என்னைத் திட்டுவதும் மோர்ஸிலேதான் நடக்கும். வந்த செய்தி முழுதாகக் கைக்குச் சேர்ந்துவிட்டது என்பதற்கு எங்கள் வழக்கத்தில் ஒரே எழுத்து, ஆர். எனக்குப் பொறுமை கிடையாது. அவர் பாதி வாக்கியத்தில் இருக்கும்போதே மீதி என்னவென்று எனக்குத் தெரிந்துவிடும். உடனே ஆர் போட்டுவிடுவேன். “முழுசாக் கேளு அம்மணி. கேட்டுப்போட்டு ஆர் போடு” என்று நிதானமாக, எழுத்து எழுத்தாக, எரிச்சல் மூட்டுகிற அளவுக்கு நிதானமாகத் தட்டுவார். அதற்கும் நான் பாதியிலேயே ஆர் போடுவேன்.

பிறகு அவர் தொண்டையில் கட்டி வந்தது. கோயமுத்தூரில்தான் அறுவை நடந்தது. குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். கழுத்தில் மூச்சுக்கு ஒரு துளை, அதன்மேல் ஒரு வெள்ளைத் துணி. குரல் போனது போனதுதான்.

அதற்கப்புறம் அவர் வீட்டிலிருந்து எனக்கு வந்த சேதியெல்லாம் ஒரே சேதி. போன் அடித்தால் அவர் மகன் எடுப்பான். “அப்பா நல்லாருக்காருங்க அத்தை.” கைபேசியில் எழுத்தாக வரும்: “நல்லா இருக்கேன்.” கூடவே ஒரு கும்பிடு பொம்மை. அண்ணன் ஆயுசில் ஒருநாளும் எனக்குக் கும்பிடு போட்டவரில்லை. அதை எழுதியது மகன்தான் என்று கண்டுபிடிக்கப் பெரிய மூளை வேண்டியதில்லை. அண்ணனுக்கு அந்தச் சின்ன எழுத்துப் பலகை பிடிக்காது. விரல் ஒன்றைத் தொட்டால் இரண்டு எழுத்து விழுகிறது என்று தூக்கிப் போட்டுவிடுவார்.

நேரிலும் போனேன். கட்டிலில் உட்கார்ந்திருந்தார். மடியில் பேரனின் சிலேட்டு. அதில் “நல்லாருக்கேன்” என்று எழுதி என் பக்கம் திருப்பினார். கட்டிலோரம் நங்கை நின்றுகொண்டிருந்தார். அண்ணன் மனைவியை எங்கள் பக்கம் நங்கை என்றுதான் சொல்வோம். வாசற்படியில் மகன் நின்றான். எல்லோரும் அந்தச் சிலேட்டைப் படித்துவிட்டு, “பாத்தீங்களா, நல்லாருக்காரு” என்று ஒருவரையொருவர் தேற்றிக்கொண்டார்கள். எனக்குத் தாங்கவில்லை. கட்டில் சட்டத்தில் விரல்முட்டியால் “வலி?” என்று தட்டினேன்.

அண்ணன் நங்கையின் முகத்தைப் பார்த்தார். பிறகு என் கையைப் பிடித்து அமுக்கி, கட்டில்மேல் வைத்துவிட்டார்.

எனக்குப் புரிந்தது. ஆள் நிற்கும்போது அவருக்குத் தெரியாத பாஷையில் குசுகுசுப்பது எங்கள் வீட்டில் பெரிய மரியாதைக் கேடு. அதிலும் இரவும் பகலும் துணி மாற்றி, கஞ்சி ஆற்றி ஊட்டுகிற மனுஷி முன்னால் செய்யக்கூடாது. பஸ்ஸில் திரும்பி வரும்போது ஒரு வாழைத்தார் என் காலடியில் கிடந்தது. ஆளை விட்டுவிட்டு வாழைத்தாரைக் கூட்டிக்கொண்டு வருகிறோமே என்று அழுகையும் கோபமுமாக வந்தது.

இது நடந்து கொஞ்ச நாளில் மகன் கூப்பிட்டான்.

“அத்தை, அப்பா ரேடியோ ரூமைத் தொறந்துட்டாருங்க. பழைய நேரம், பழைய எடம்னு எழுதிக் காட்டுனாருங்க. உங்ககிட்டச் சொல்லோணுமாமா.”

பழைய நேரம் என்றால் விடிந்ததும். பழைய இடம் என்றால் நாங்கள் வழக்கமாகச் சந்திக்கிற அலைவரிசை. ரேடியோ அறைக்குள் நங்கை வருவதில்லை. காதில் ஹெட்போன், கையில் மோர்ஸ் அடிக்கிற தட்டுகருவி. ஊர் உலகமே ஒட்டுக் கேட்கலாம். அந்த வீட்டுக்குள் இருக்கிறவர்களுக்கு மட்டும் கேட்காது. அண்ணன் பேசுவதற்கு இடம் கண்டுபிடித்துவிட்டார். என்னிடந்தான் ஆன்டெனா இல்லை.

இருந்த ஒன்றை நாங்களே கழற்றியிருந்தோம். தண்ணீர்த்தொட்டிக் குழாயிலிருந்து வேப்பமரம்வரை தாழ்வாக ஒரு கம்பி கட்டியிருந்தேன், வருஷக்கணக்காக. சரவணம்பட்டியில் எங்களைச் சுற்றி அடுக்குமாடிகள் எழும்பிவிட்ட பிறகு அதைப் பார்க்க எனக்கே வெட்கமாக இருக்கும். வீட்டுக்காரர் ஓய்வு பெற்றதும் மாடியில் சோலார் பலகை போட்டார். பலகைக்காரர்கள் வேப்பமரக் கிளையை வெட்டச் சொன்னார்கள். கிளையோடு கம்பியும் போயிற்று. அண்ணன் தட்டுவதை நிறுத்தியிருந்த சமயம் அது. போகட்டும், நல்லதாக ஒன்று வைத்துக்கொள்ளலாம் என்று நானும் விட்டுவிட்டேன்.

நல்லதாக எது? அதைக் கேட்டுத்தான் கெட்டேன்.

எங்கள் ரேடியோ நண்பர்களிடம் கேட்டால் ஆளுக்கொரு ஆன்டெனா. ஆன்டெனா விஷயத்தில் இவர்கள் எல்லோரும் சம்பந்தம் பேசுகிறவர்கள். தங்கள் வீட்டில் இருப்பதைத்தான் நம் தலையில் கட்டப் பார்ப்பார்கள். ஒருவர், சீப்புமாதிரிப் பல் வைத்த பெரிய ஆன்டெனாவைப் போடுங்கள், கீழே மோட்டார் வைத்து எந்தத் திசைக்கும் திருப்பலாம் என்றார். எங்கள் மாடிக்கு அது கல்யாணப் பந்தல்மாதிரி வந்துவிடும். இன்னொருவர், சைக்கிள் சக்கரம் அளவுக்கு ஒரு வளையம் போதும், பால்கனியிலேயே வைக்கலாம் என்றார். மூன்றாமவர் சொன்னது நெட்டுக்குத்தான கம்பம். அலுமினியக் குழாய்கள் ஒன்றுக்குள் ஒன்று செருகி, முப்பதடிக்கு மேல், நிமிர்ந்து நிற்கும். இடம் அடைக்காது. எட்டுத் திசையும் கேட்கும். “உசரம் போனாத்தானுங்க தூரம் போகும்” என்றார்.

அந்த ஒரு வாக்கியம் என்னைச் சாய்த்துவிட்டது. நான் பம்பு கம்பெனியில் தலை நரைத்தவள். தொட்டி உயரமாக இருந்தால்தான் கடைசி வீட்டுக் குழாய்வரை தண்ணீர் போகும் என்பது என் ரத்தத்தில் ஊறியது. கோயமுத்தூர்க்காரர்களுக்கு எதையும் பம்பாகத்தான் பார்க்கத் தெரியும். அண்ணனுடைய ரேடியோ செட்டு சின்னது. அவர் போடும் சத்தமும் சின்னது. அதைப் பிடிக்க என் பக்கம் பெரியதாக, உயரமாக, ஊரில் யாரிடமும் இல்லாததாக ஒன்று வேண்டும். இப்படித்தான் யோசித்தேன். இப்போது எழுதும்போதே எனக்கு என்மேல் எரிச்சல் வருகிறது.

அதற்குப் பிறகு நான் ஓர் இடத்தில் நிற்கவில்லை. உக்கடத்துப் பழைய சாமான் கடைக்கு அலுமினியக் குழாய் தேடிப் போனேன். கடைக்கார பாய் குழாய் ஒவ்வொன்றையும் தட்டி, உருட்டி, வளைவு பார்த்து எடுத்துப் போட்டார். “எதுக்குங்கம்மா, பந்தலுக்கா?” என்றார். ரேடியோவுக்கு என்றேன். “அதுக்கு எதுக்குங்க இத்தனை நீட்டம்? எங்க வாப்பா ரேடியோவுக்கு ஒரு முழம் கம்பிதான் இருந்துச்சு” என்றார். அது கேட்கிற ரேடியோ, இது பேசுகிற ரேடியோ என்று விளக்கிக்கொண்டிருக்கப் பொறுமையில்லை. சரி, பந்தலுக்குத்தான் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

கம்பத்தைத் தாங்கப் பழைய போர்வெல் குழாயில் ஒரு துண்டு. இந்த ஊரில் எந்த வீட்டுக் கொல்லையிலும் ஒரு போர்வெல் குழாய் கிடக்கும்; தண்ணீர் வராமல் போன ஆசைகளின் மிச்சம். அதற்கு அடியில் ஒரு கீல் வேண்டும், கம்பத்தைச் சாய்த்து நிமிர்த்த. கணபதிப் பக்கம் ஒரு லேத் பட்டறையில் சொன்னேன். “சொல்லிப்போட்டீங்கல்ல, விடுங்க” என்றார்கள். வந்து சேர்ந்த கீலைப் பார்த்தால் கோயில் கதவையே தாங்கும். கோயமுத்தூர் வேலை அப்படித்தான். ஒரு கிலோ தாங்கச் சொன்னால் ஒரு டன் தாங்குவதாகச் செய்வார்கள்.

இதற்கிடையில் ஒவ்வொரு விடியலும் எனக்கு முள்ளாகக் குத்தியது. கோபியில் அண்ணன் இந்நேரம் கூப்பிட்டுக்கொண்டிருப்பார். பதில் வராது. ஹெட்போனைக் கழற்றிவிட்டு வெளியே வருவார். “நாளைக்கு ஆயிருமுன்னு சொல்லு கண்ணு” என்று மகனுக்குச் சேதி சொல்லுவேன். நாளைக்கு ஆகாது. வெல்டிங் விட்டுப் போகும், மழை தூறும், குழாய் ஒன்றுக்குள் ஒன்று போகாமல் அடம் பிடிக்கும். என் கை சும்மா இருக்காமல் சாப்பாட்டு மேசையில் தட்டிக்கொண்டே இருக்கும். “அந்த டிக்டிக்கை நிறுத்து புள்ள, தலைக்குள்ள எறங்குது” என்பார் வீட்டுக்காரர்.

கம்பத்தை நிமிர்த்தும் நாளில் பக்கத்து வீட்டம்மா மதில்மேல் எட்டிப் பார்த்தார்.

“ஏனுங்கக்கா, செல்போன் டவருங்களா?”

“இல்லீங்க. ரேடியோக் கம்பம்.”

“குருவியெல்லாம் செத்துப்போயிருமாமா. எங்க ஊட்டுல வயசானவங்க வேற இருக்காங்க.”

“குருவி உங்க ஊட்டுப் பூனையால செத்தாலுண்டுங்க” என்று சொல்லிவிட்டேன். நாக்கைக் கடித்துக்கொள்வதற்குள் அது வெளியே போய்விட்டது. அவர் முகத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். வீட்டுக்காரர் தன் பங்குக்கு, ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும், உன் அலுமினியம் எம்மாத்திரம் என்றார். “அம்மி பறக்கும். கோயமுத்தூர்க் கீல் பறக்காதுங்க” என்றேன்.

கம்பம் நின்றது. உண்மையைச் சொல்ல வேண்டும், அழகாகத்தான் நின்றது. அடியிலிருந்து சக்கரத்தின் ஆரங்கள்போலக் கம்பிகள் சோலார் பலகைகளுக்குக் கீழே ஓடின. இடிதாங்கிக் கம்பி தனியாக மண்ணுக்குப் போயிற்று. தெருவில் போகிற ஐ.டி. கம்பெனிப் பிள்ளைகள் அண்ணாந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

மறுநாள் விடிந்தும் விடியாமல் செட்டைப் போட்டேன். ஐயோ, அந்தக் கம்பத்தின் காது! இத்தாலிக்காரர் ஒருவர் பக்கத்து அறையில் இருப்பவர்போல வந்தார். அவரைக் கூப்பிட்டேன், எடுத்தார். அப்புறம் ஒரு ஜப்பான்காரர். வேறு நாளாக இருந்தால் நான் துள்ளியிருப்பேன். நகர்ந்து நகர்ந்து எங்கள் பழைய இடத்துக்கு வந்தேன்.

ஒன்றுமில்லை. இரைச்சல்.

கூப்பிட்டேன். கேட்டேன். மறுபடி கூப்பிட்டேன். வெயில் ஏறி, சோலார் இன்வெர்ட்டர் விழித்துக்கொண்டு ஹெட்போனுக்குள் ‘ஙொய்’ என்று சத்தம் போடத் தொடங்கும்வரை உட்கார்ந்திருந்தேன். கோபியிலிருந்து ஒரு புள்ளிகூட இல்லை.

மகனைக் கூப்பிட்டேன். “அப்பா இன்னிக்கு ரூமுக்குப் போனாரா கண்ணு?”

“போனாருங்க அத்தை. ரொம்ப நேரம் தட்டிக்கிட்டுத்தான் இருந்தாருங்க. உங்களுக்குக் கேக்கலீங்களா?”

அதற்கடுத்த நாளும் அதே கதை. அதற்கடுத்த நாளும். ஒருவேளை அவர் கை போய்விட்டதோ? மருந்து நடுக்கத்தில் தட்டுவது தட்டாகவே விழவில்லையோ? செட்டு பழுதாகி, அலை வெளியே போகாமல், அவர் வெறும் மேசையில் தட்டிக்கொண்டிருக்கிறாரோ? கடல் தாண்டி இருக்கிறவர்கள் எல்லாம் என் காதில் விழுகிறார்கள். பஸ்ஸில் போனால் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் போய்ச் சேர்கிற அண்ணன் விழவில்லை. கம்பத்தை இன்னும் உயர்த்தலாமா என்றுகூட ஒரு புத்தி போயிற்று. போர்வெல் குழாய் இன்னொரு துண்டு கிடைக்குமா என்று விசாரிக்கவும் செய்தேன். அந்த ராத்திரி அழுதேன் என்பதை மறைக்க வேண்டியதில்லை.

என்னைக் காப்பாற்றியது அறிவில்லை, பழக்கம். சோதனைப் பிரிவில் நாங்கள் முதலில் செய்வது இதுதான். பம்பு ஓடவில்லையா? ஒவ்வொன்றாக மாற்றிப் போட்டுப் பார். கெட்டது எது என்று யோசித்து மூளையைக் கெடுத்துக்கொள்ளாதே. என் செட்டில் பழுது இருக்கலாம் என்று சந்தேகம் வந்தது. அதைச் சோதிக்க வேறொரு ஆன்டெனா வேண்டும், என்ன குப்பையானாலும் பரவாயில்லை. கீழே அலமாரியில் சப்மெர்சிபிள் மோட்டாருக்குச் சுற்றுகிற கம்பி ஒரு சுருள் இருந்தது. மேலே பிளாஸ்டிக் உறை போட்ட தாமிரம். அதைத் தேவையான நீளத்துக்கு வெட்டி, நடுவில் கேபிளை ஒட்டி, ஒரு முனையைத் தண்ணீர்த்தொட்டிக் குழாயில் கட்டினேன். மறுமுனைக்கு எங்கள் மாடி போதவில்லை. பக்கத்து வீட்டு மாடியில் துணி காயப்போடும் கம்பிக்கால்தான் எட்டியது.

பூனையை வைத்துப் பேசிய வாயோடு அந்த வீட்டுக் கதவைத் தட்டினேன்.

“கொடிக்கம்பிங்களா?” என்றார் அந்த அம்மா.

“அது மாதிரிதானுங்க.”

“கட்டிக்கோங்கக்கா. இதுக்கெல்லாமா கேப்பாங்க?”

கம்பம் என்றால் குருவி சாகும், கொடி என்றால் சாகாது. தலைக்கு மேல் கை எட்டுகிற உயரத்தில் கம்பியை இழுத்துக் கட்டிவிட்டு இறங்கினேன். சாயங்காலம் போய்ப் பார்த்தால் அதில் ஒரு துண்டு காய்ந்துகொண்டிருந்தது.

விடிந்தது. முதலில் பெரிய கம்பத்தில் கேட்டேன். இத்தாலி வழக்கம்போல. எங்கள் இடத்தில் இரைச்சல். கேபிளைக் கழற்றி அந்தக் கொடிக்கம்பிக்கு மாற்றினேன். இத்தாலி மங்கிப்போய்விட்டது. இரைச்சல் பாதியாகக் குறைந்தது. அந்த அமைதிக்குள் ஒரு கோடு வந்தது, கடைசியில் கொஞ்சம் இழுபட்டு. இன்னொரு கோடு.

அண்ணன் என் அழைப்புக் குறியைத் தட்டிக்கொண்டிருந்தார். பெரிதாக, பளிச்சென்று, எதிரே உட்கார்ந்திருப்பவர்போல.

அந்தக் கணத்தில்தான் பரீட்சைக்குப் படித்த பாடம் மண்டையில் இறங்கியது. நெட்டுக் கம்பம் அலையைத் தாழ்வாக, தூரத்துக்கு வீசும். அது வெகு தொலைவு போய் வானத்தில் பட்டு, அதைவிடத் தொலைவில் இறங்கும். நடுவில் ஒரு பெரிய வட்டம் ஊமையாகக் கிடக்கும். கேட்பதும் அப்படியே. தோட்டத்தில் ஹோஸ் பிடித்து வேகமாகப் பீய்ச்சினால் தூரத்து மதில் நனையும், காலடியில் இருக்கும் செடி காயும். தாழ்வாகக் கட்டிய கம்பியோ அலையை நேரே மேலே அனுப்பும். அது மழைபோலச் சுற்றுவட்டாரத்தில் இறங்கும். கோபி அந்த வட்டாரத்தில் இருக்கிறது. வெட்கப்பட்டு வெட்டி எறிந்த பழைய கம்பிதான் சரியான கம்பி. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு உக்கடம்வரை அலைந்திருக்கிறேன்.

அண்ணனுக்குப் பதில் தட்டினேன். “வந்துட்டேன்” என்பதில் இரண்டு எழுத்து தப்பாக விழுந்தது.

“நல்லாக் கேக்குது” என்றார். நானும் சொன்னேன். வாழைக்குத் தண்ணீர் விட்டாயிற்றா என்றேன். மகன் விடுகிறான் என்றார். அப்புறம் நான், அன்று கட்டில் சட்டத்தில் கேட்டதையே கேட்டேன். “வலி?”

கம்பி அறுந்துவிட்டதோ, பக்கத்து வீட்டில் மறுபடி துண்டு போட்டுவிட்டார்களோ என்று எழுந்தே விட்டேன். அப்போது வந்தது, எழுத்து எழுத்தாக.

“நல்லா இல்ல அம்மணி.”

என் கை தட்டுகருவிமேல் இருந்தது. எப்போதும்போல் ஆர் போட்டு இடைமறித்து, “எல்லாஞ் சரியாயிரும்” என்று தட்டியிருப்பேன். ஆனால் அந்த வீட்டில் எல்லோரும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருப்பார்கள் என்பது நினைவுக்கு வந்தது. கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அந்த மாதத்தில் நான் அசையாமல் உட்கார்ந்தது அப்போதுதான்.

அவர் தட்டிக்கொண்டே போனார். படுத்தால் மூச்சு முட்டுகிறது என்றார். ராத்திரியெல்லாம் உன் நங்கை தூங்குகிறாளா என்று பார்த்துக்கொண்டு கிடக்கிறேன் என்றார். அவளிடம் சொன்னால் அவள் உடைந்துபோவாள் என்றார். பேரன், தாத்தா ஏன் பேசமாட்டேங்கிறார் என்று கேட்டுவிட்டு இப்போது பக்கத்திலேயே வருவதில்லை என்றார். “பயமா இருக்கு” என்றார். அந்த வார்த்தையை அவர் எந்தப் பாஷையிலும் சொல்லி நான் கேட்டதில்லை. ஒவ்வொரு கோடும் கடைசியில் இழுபட்டது. நடுவில் இரைச்சல் வந்து சில எழுத்துகள் போயின. நானாக நிரப்பிக்கொள்ளாமல், திரும்பச் சொல்லக் கேட்டு வாங்கினேன்.

வெயில் பலகைமேல் விழுந்து இன்வெர்ட்டர் ‘ஙொய்’ என்று தொடங்கியது. கதவருகே நின்றிருந்த வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்த்தார். போய் அதை அணைத்துவிட்டு வந்தார். தினமும் எத்தனை யூனிட் என்று போனைப் பார்த்துப் பூரித்துப்போகிற மனுஷன்.

அண்ணன் முடித்தார். முடிந்துவிட்டது என்பதற்கான குறி வந்து, அதற்குப் பிறகும் கொஞ்சம் பொறுத்திருந்து, நான் ஓர் எழுத்து போட்டேன்.

ஆர்.

“நாளைக்கு” என்றார் அவர்.

கீழே வந்து அடுப்பைப் பற்றவைத்தபோது கைபேசி அடித்தது. அண்ணன் மகன். “அத்தை, அப்பா ரூமை விட்டு வந்ததும் இன்னொரு இட்லி வேணும்னு வெரலைக் காட்டுனாருங்க. அம்மாவுக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. என்னங்க அத்தை சொன்னாரு?”

பின்னால் நங்கை மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பது எனக்குத் தெரிந்தது.

“நல்லாருக்கேன்னு சொன்னாரு கண்ணு” என்றேன்.